தூசி என்று எழுதிய கண்

ஏலப்பாறை பஸ் நிறுத்தத்தில் நின்று ஆசீர்வாதம் இரண்டு தடவை காறித் துப்பினார். முதல் தடவை டீக்கடை டீக்கு. சுற்றிலும் தேயிலையை வைத்துக்கொண்டு இப்படிக் கழுநீரை ஆற்றிக் கொடுக்க அந்தக் கடைக்காரனுக்கு வெட்கமே இல்லை. இரண்டாவது தடவை, லயத்திலிருந்து, எஸ்டேட் குடியிருப்பிலிருந்து, அவர் ஏறிவந்த ஜீப்புக்கு. பின்சீட்டில் யாரோ எடுத்த வாந்தியைத் துடைத்தும் துடைக்காமலும் விட்டிருந்தான் டிரைவர். துடைத்திருந்தால் இடம் தெரியாது. துடைக்காமல் விட்டிருந்தால் தள்ளி உட்காரலாம். இது இரண்டுங்கெட்டான் வேலை.

மூன்றாவது தடவை துப்ப வாயைத் திறந்தபோது ஜோமோன் எதிரே வந்துவிட்டான். ஆசீர்வாதம் விழுங்கிக்கொண்டார்.

ஜோமோனுக்கு வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிடும். இடது கையில் லாட்டரிச் சீட்டுகளை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு, வருகிற பஸ், போகிற பஸ் எல்லாவற்றின் ஜன்னலிலும் சிரித்துக்கொண்டு நிற்பான். ஒருகாலத்தில் ஆசீர்வாதத்தோடு ஒரே எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவாத்து வெட்டியவன்.

"என்ன அண்ணாச்சி, வெள்ளையும் சொள்ளையுமாக் கெளம்பியாச்சு? பொண்ணு பாக்கவா?"

"ஆமால. உங்க ஆத்தாளத்தான் பாக்கப் போறேன்."

"பாத்தா நானும் கேட்டேன்னு சொல்லுங்க. அவ செத்து ஏழு வருசம் ஆச்சு. எப்படி இருக்கான்னு தெரியல."

ஜின்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆசீர்வாதத்தின் மகள். நாற்பத்தொரு வயது, எஸ்டேட் பேக்டரியில் தூள் பிரிக்கிற இடத்தில் வேலை. இன்று அப்பனுக்காக லீவு போட்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குண்ணே," என்றாள். "ஈரல்ல என்னமோ கட்டி மாதிரி நெழல் தெரியுதாம். எம்மார்ஐ மெசின்ல வச்சுப் பாத்தாத்தான், அறுக்கணுமா, சும்மா விடலாமான்னு தெரியுமாம்."

"அட, ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி. தைரியமாப் போயிட்டு வாங்க."

ஒண்ணும் ஆவாது. இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே ஆசீர்வாதத்துக்குக் குமட்டும். அறுபத்தெட்டு வயதில் அவர் கற்ற பாடம் ஒன்றே ஒன்றுதான்: ஒன்றும் ஆகாது என்று ஒருவன் சொன்னால், ஆகப்போவது அவனுக்கு இல்லை என்று அர்த்தம். செடிக்கு அடிக்கிற நீலக்கலர் செம்பு மருந்தை வெறுங்கையால் கலக்கச் சொன்னபோது அப்படித்தான் சொன்னார்கள். லயத்துக் கூரைத் தகரம் ஆடியபோதும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தத் தகரம் ஆடி மாதக் காற்றில் பறந்துபோய்ப் பள்ளத்தில் கிடந்தது.

ஜோமோன் சொன்னதில் கள்ளமில்லை. அது அவருக்குத் தெரியும். அதுதான் இன்னும் மோசம். பஸ் வந்ததும் அவனைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.

பீர்மேடு தாண்டி, வளைவு வளைவாக இறங்கி, சமவெளியின் புழுக்கத்துக்குள் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரி ஏழு மாடி. உள்ளே போனதும் பினாயில் வாசனையும் பூரி மசால் வாசனையும் சேர்ந்து அடித்தது. இரண்டும் தனித்தனியாக நல்ல வாசனைதான். சேர்ந்து வந்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஸ்கேன் எடுக்கிற இடம் தரைக்கும் கீழே. வாசலில் நீல ரப்பர் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டுமாம். காலை நுழைத்தால் ஈரம். யாருடைய ஈரம் என்று யாருக்குத் தெரியும்?

ஜோஜோ என்ற டெக்னீஷியன் பையன் மடித்த பச்சை உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். காதில் ஒற்றைக் கடுக்கன் போட்டிருந்த தடம். பாதி மலையாளம், பாதி தமிழ்.

"அப்பச்சா, உடம்புல இரும்பு, வெள்ளி, சங்கிலி, மோதிரம் ஒண்ணும் பாடில்லா, கூடாது. எல்லாம் ஊரி மகள் கையில கொடுக்கணும்."

ஆசீர்வாதம் கழுத்தில் கிடந்த உத்தரியக் கயிற்றைக் கழற்றினார். அதில் கோத்திருந்த மாதா சுரூபம் தகரமா பித்தளையா என்று அவருக்கே தெரியாது. மோதிரம் சோப்புப் போட்டும் வரவில்லை. பையன் நூல் சுற்றி இழுத்து எடுத்தான். பெல்ட், சாவி, சட்டைப் பையில் இருந்த பாக்குவெட்டி எல்லாம் ஜின்சியின் பைக்குள் போயிற்று. பச்சை உடுப்பு முதுகுப் பக்கம் திறந்து கிடந்தது. அதன் விளிம்பில் சலவையில் போகாத மஞ்சள் கறை ஒன்று. மனுசன் எதற்கெல்லாம் உடம்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அருவருத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஜின்சி ஒரு தாளை வாசித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மலையாளத்தில் அச்சடித்த தாள். சம்மதபத்ரம். கேள்விக்குக் கேள்வி தமிழில் சொல்லிக் கேட்டாள்.

"நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கா? இல்ல. கால்ல கம்பி? இல்ல. குண்டு பட்டிருக்கான்னு கேக்கான்."

"போலீசா நான்? இல்லன்னு போடு."

"இரும்பு வெட்டுற வேலை, சாணை பிடிக்கிற வேலை செஞ்சு கண்ணுல இரும்புத்துண்டு பட்டிருக்கா?" கேட்டுவிட்டு அவளே சொன்னாள். "உங்களுக்குத் தூசிதானே விழுந்துச்சு."

ஆசீர்வாதம் சுவரைப் பார்த்தார். இடது கண்ணால் பார்த்தால் சுவர் தெரியாது. கஞ்சித் தண்ணி மாதிரி வெளுப்பு மட்டும் தெரியும்.

"தூசிதான். இல்லன்னு போடு."

அது தூசி இல்லை.

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் கவாத்துக் காலம். மலையில் கவாத்துக் கத்தியை அவனவனேதான் சாணை பிடித்துக்கொள்ள வேண்டும். எஸ்டேட் ஒர்க்ஷாப்பில் மோட்டார் வைத்த சாணைக்கல் ஒன்று இருந்தது. ஆசீர்வாதம் கத்தியை வைத்த நேரம் கல் ஒரு துள்ளு துள்ளியது. கத்தி முனையிலிருந்து ஒரு சிலும்பு தெறித்து இடது கண்ணுக்குள் போயிற்று. சூடாகப் போனது. அரிசிக் குருணையில் பாதி அளவு. கண்ணைப் பொத்திக்கொண்டு மோட்டாரை நிறுத்திப் பார்த்தபோது கல்லில் முடி கனத்துக்கு ஒரு கீறல் ஓடியிருந்தது. அதை அவர் தன் மிச்சக் கண்ணால் பார்த்தார்.

டிஸ்பென்சரியில் கம்பவுண்டரும் மேனேஜரும் சேர்ந்து நின்றார்கள். அடுத்த வாரம் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வருகிறார், விபத்து என்று ஒரு வரி ஏறினால் ஒர்க்ஷாப்பைப் பூட்டிவிடுவார், கவாத்து நின்றுபோகும் என்றார்கள். கல்லை அடுத்த மாசம் மாற்றிவிடலாம். கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளே உன் பெண், அவளை ஆபீசில் வந்து பார்க்கச் சொல். கம்பவுண்டர் 'கண்ணில் தூசி' என்று எழுதினார். ஆசீர்வாதத்துக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். மெதுவாக எழுதுவார், ஆனால் எழுதுவார். அவர்கள் பேனாவை நீட்டவில்லை. மைப்பெட்டியைத்தான் நீட்டினார்கள். எழுதத் தெரிந்தவனிடம் கைநாட்டு கேட்கிறவன் திருடன். அதுவும் அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் விரலை வைத்தார்.

பதினெட்டாம் நாள் அந்தக் கல் வெடித்தது. அப்போது அதன் முன்னால் நின்றவன் ஜோமோன். கல்லில் பழுது என்று முன்னால் யாரும் எழுதவில்லையே? அதனால் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

"அப்பா, இங்க கையெழுத்து போடணும்," என்றாள் ஜின்சி.

"இரு. எதுக்குப் போடுதோம்னு தெரியாமப் போட நான் என்ன கேனப்பயலா? பெரிய டாக்டரக் கூப்பிடு."

வந்தவள் டாக்டர் மாதுரி. முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் வாயைத் திறந்ததும் ஆசீர்வாதத்துக்குச் சிரிப்பு வந்தது. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத் தமிழ்.

"என்ன தெரியணும், கேளுங்கோ."

"அந்தப் பயல் இரும்பு ஆகாதுன்னு மோதிரத்தப் புடுங்குதான். இப்ப ஊசியில ஏத்தப் போற மருந்து என்னன்னு கேட்டா அதுவும் இரும்பாம். ஊர ஏய்க்கதுக்கு ஒரு அளவு வேண்டாமாம்மா?"

"கேள்வி நியாயம்," என்று அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாதாரணமா எல்லாருக்கும் போடற மருந்து கிட்னி வழியாத்தான் வெளியில போகணும். உங்க கிட்னி கால்வாசிதான் வேலை செய்யறது. அதனால அது வேண்டாம்னு வச்சேன். இது இரும்பு ஆக்சைடு. துருவுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கோங்கோ. தலைமுடி கனத்தை ஆயிரமாப் பொளந்தா ஒரு பங்கு, அத்தனை பொடி. மேலே சர்க்கரை மாதிரி ஒரு உறை. நல்ல ஈரல் அதைத் தின்னுடும், படத்துல கறுப்பாத் தெரியும். கெட்டுப்போன இடம் தின்னாது, வெளுப்பாவே நிக்கும். அதை வச்சுக் கண்டுபிடிக்கறதாக்கும்."

"ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லப் போறீக. அதானே?"

"அப்படி நான் சொல்லமாட்டேன். ஆயிரம் பேருக்குப் போட்டா ஒண்ணு ரெண்டு பேருக்கு ஒத்துக்காமப் போகும். மூச்சு முட்டும், பிரஷர் சடார்னு இறங்கும். கவனிக்காம விட்டா உயிரே போகலாம். அதனால மெதுவா ஏத்துவேன். ஏறி முடிஞ்சும் அரைமணி பக்கத்துலேயே இருப்பேன். மாத்து மருந்து அந்த ட்ரேயில இருக்கு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்கோ. நான் கோச்சுக்கமாட்டேன்."

உயிரே போகலாம் என்று ஆசீர்வாதத்தின் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் படித்த ஆள் இவள்தான். இதில் ஏதாவது புதுசான திருட்டு இருக்குமோ என்று துருவித் துருவிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்ப கைநாட்டு எங்க வைக்கணும்?"

"எழுதத் தெரியாதோ?"

"தெரியும்."

"பின்னே எழுதுங்கோ." பேனாவைத் திறந்து நீட்டினாள்.

அவர் 'ஆசீர்வாதம்' என்று எழுதி முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு அவர் முகத்துக்கு அருகே குனிந்தாள். "இந்தக் கண் எப்படிப் போச்சு?"

"தூசி விழுந்தது."

"தூசிக்கு இத்தனை தழும்பா?" டாக்டர் அவர் இமையைத் தூக்கிப் பார்த்தாள். ஜின்சி குறுக்கே விழுந்தாள். "ஆமா டாக்டர், தூசிதான். கவாத்து வெட்டுறப்ப விழுந்துச்சு. எஸ்டேட் சீட்டுல அப்படித்தான் இருக்கு."

"சரி," என்றாள் மாதுரி.

நர்ஸ் ஊசி குத்தி மருந்துப் பையைத் தொங்கவிட்டாள். அதன் நிறத்தைப் பார்த்ததும் ஆசீர்வாதம் முகத்தைச் சுளித்தார். லயத்துக் குழாயில் ஒரு வாரம் தண்ணி வராமல் இருந்து, பிறகு திறந்துவிட்டால் முதலில் பீய்ச்சுமே, கறுப்பும் சிவப்புமாக, அதே நிறம். அந்தத் தண்ணியில் கால்கூடக் கழுவ மாட்டார்கள். வாளியோடு சாக்கடையில் ஊற்றுவார்கள். அது இப்போது சொட்டுச் சொட்டாக அவர் கைக்குள் இறங்கியது. நாக்கில் ஆணியை நக்கினது போல ஒரு ருசி. நிஜமாகவே வந்ததா, நினைப்பா என்று சொல்ல முடியாது.

அவர் டாக்டரையே கவனித்தார். எழுந்து போவாள், போன் வரும், டீ குடிக்கப் போவாள் என்று பார்த்தார். அவள் போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பிரஷர் பார்த்தாள். நடுவில் ஒரு கொட்டாவி விட்டாள். போன் அடித்தபோது எடுத்து, "இப்ப முடியாது, ஒருத்தர் பக்கத்துல இருக்கேன்," என்று வைத்தாள். சொன்ன அரைமணியும் அந்த ஸ்டூலில்தான் இருந்தாள்.

அது அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் ஒருதரம் எழுந்து போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பார்த்தாயா, எல்லாரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான் என்று துப்பிவிட்டுப் போகலாம்.

"அந்த மெசினு பெரிய காந்தம்னானே," என்றார் திடீரென்று. "உள்ள ஏத்தின இந்த இரும்பப் புடுங்கி இழுக்காதா?"

"இழுக்காது. அத்தனை பொடி, ரத்தத்தோட ரத்தமா இருக்கும். முழுத்துண்டுதான் ஆபத்து. கடுகு பாதி இருந்தாலும் போதும், ஊசி மாதிரி திரும்பிண்டு கண்ணைக் கிழிக்கும். அதனாலதான் அந்தக் கேள்வியை மூணு தரம் கேக்கறோம். ரெண்டு தரம் ஆச்சு. வாசல்ல ஜோஜோ இன்னொரு தரம் கேப்பான்."

கேட்டான். கனத்த கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக, வட்டமாக, பாதாளக் கிணற்றைப் படுக்கப்போட்ட மாதிரி அந்த மெசின். தடதடவென்று மூச்சு விட்டது. ஜோஜோ வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"அப்பச்சா, அவசானமா, கடைசியா ஒண்ணு. கண்ணுல இரும்பு பட்டிட்டுண்டா?"

ஜின்சி பின்னால் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். ஆசீர்வாதம் கதவுப் பிடியைப் பிடித்தார். காலையிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் ஒரு பொய்யையாவது பிடித்துவிட வேண்டும் என்று மூக்கை நீட்டிக்கொண்டு அலைந்தாரே, அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. தன் வாயை நினைத்து அவருக்கே ஓங்கரித்தது.

"உண்டு," என்றார்.

"என்னது?"

"இரும்புல. தூசி இல்ல. சாணைக்கல்லுலேர்ந்து தெறிச்ச கத்தித்துண்டு. உள்ளதான் கெடக்கு."

ஜோஜோ கேட்ட கையோடு கதவைச் சாத்திவிட்டான். "என்டெ மாதாவே," என்று நெஞ்சில் சிலுவை போட்டான். டாக்டர் ஓடிவந்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளுக்கு முகம்தான் வெளுத்திருந்தது. "இப்பவாவது சொன்னேளே," என்றாள். அவ்வளவுதான்.

பிறகு கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். மண்டையோட்டின் குழிக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி. இருபத்திரண்டு வருசமாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

"இன்னிக்கு மெசின் கெடையாது," என்றாள் மாதுரி. "மொதல்ல கண் டாக்டரைப் பாத்து அதை எடுக்க முடியுமான்னு கேளுங்கோ. முடியாட்டா காந்தம் இல்லாத வேற வழி பாக்கறேன். ஈரல் விஷயம், நாள் தள்ளாதேங்கோ. ஏத்தின மருந்து வீணில்லை. உங்களுக்கு ரத்தம் கம்மி, அந்த இரும்பை உடம்பு ரத்தமாக்கிக்கும்."

ஜின்சி இதையெல்லாம் கேட்டாளா என்று தெரியவில்லை. அவள் உத்தரியத்தையும் மோதிரத்தையும் அவர் கையில் வைத்தபோது விரல்கூடப் படவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எக்ஸ்ரே கவர் அவள் மடியில். மழை பிடித்துக்கொண்டதால் எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். முன்சீட்டில் ஒரு பிள்ளை வாந்தியெடுத்தது. புளித்த நாற்றம் பஸ் முழுக்க நின்றது. ஆசீர்வாதம் முகத்தைச் சுளிக்கவில்லை. இன்றைக்கு யாரையும் பார்த்து முகம் சுளிக்கிற யோக்கியதை அவருக்கு இல்லை.

"சீட்டுல தூசின்னு எழுத எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?" என்றாள், வளைவுகள் தொடங்கியபோது.

"ஒனக்கு வேல தாறேன்னாங்க."

"மார்க்கப் பாத்துட்டுக் கூப்பிட்டாங்கன்னு சொன்னீங்க."

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"லயம் பூராச் சொல்லிட்டுத் திரிஞ்சேனேப்பா. எம் பிள்ளைககிட்ட நேத்துக்கூடச் சொன்னேன். படிங்கல, ஒங்க அம்மைக்கு மார்க்கப் பாத்துத்தான் வேல கொடுத்தாங்கன்னு." மடியிலிருந்த கவரைக் குனிந்து பார்த்தாள். "சாணைக்கல்லுன்னீங்க. ஜோமோன் அண்ணன் கை போனது எந்தக் கல்லு?"

"அதே கல்லு."

"அது கீறியிருந்தது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தன நாள் கழிச்சு?"

"பதினெட்டு."

"பதினெட்டு நாள்ல ஒருநாள்கூட அவர்கிட்டச் சொல்ல வாய் வரலியா? சீட்டுல எழுத வேண்டாம். கத்தி பிடிக்காதல, கல்லு சரியில்லன்னு காதுல சொல்லியிருக்கலாமே?"

ஆசீர்வாதத்திடம் பதில் இருந்தது. சொன்னால் அவன் ஆபீசில் போய்க் கேட்பான், யார் சொன்னது என்பார்கள், உன் வேலை போகும் என்று பயந்தேன். அந்தப் பதிலை நாக்கு வரைக்கும் கொண்டுவந்து பார்த்தார். முன்சீட்டுப் பிள்ளை எடுத்ததைவிட அது நாறியது. விழுங்கிவிட்டார்.

ஏலப்பாறை வந்தபோது மழை விட்டு, சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. பஸ் நிற்பதற்குள் ஜோமோன் ஜன்னல் பக்கம் ஓடிவந்தான். சீட்டுகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, படம் எடுத்தாச்சா? நான் சொன்னேனே, ஒண்ணும் ஆவாதுன்னு!"

ஜின்சி இறங்கினாள். எக்ஸ்ரே கவரை அப்பனின் கையில் திணித்தாள். ஜோமோனைப் பார்த்து, "அப்பா ஒங்ககிட்ட ஒண்ணு காட்டணுமாம்ணே," என்றாள். சொல்லிவிட்டு ஜீப் நிற்கிற இடத்துக்குப் போகாமல் டீக்கடைத் தாழ்வாரத்தில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

"என்ன அண்ணாச்சி? கட்டி பெருசா?" ஜோமோனின் சிரிப்பு போய்விட்டது. கையில்லாத மணிக்கட்டை அவர் தோளில் வைத்தான். "பேசுங்க அண்ணாச்சி. எதுன்னாலும் பாத்துக்கிடலாம்."

தோளில் பட்ட அந்த மொட்டைக் கை வெதுவெதுவென்று இருந்தது. இருபத்திரண்டு வருசமாக அது தன்மேல் படாமல் ஒதுங்கியே நடந்தவர் ஆசீர்வாதம். இப்போது ஒதுங்கவில்லை. கவரிலிருந்து பிலிமை உருவி, மிச்ச வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மண்டையோடும் குழியும் வெள்ளைப் புள்ளியும் தெரிந்தன.

"இது ஈரல் இல்லல," என்றார். "இந்தப் புள்ளியப் பாரு. ஒங் கை போன கதைய நான் சொல்லுதேன். முழுசாக் கேட்டுட்டு, அப்புறம் எம் மூஞ்சியில துப்பு."